தொண்டர் பொறியியல் படையில் அண்ணர் ஆற்றிய சேவையும் நான் எரித்த கொப்பிகளும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

அண்ணர் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரது வாழ்வைத் தாங்கள் அறியும்படி இந்நினைவு மலரில் எழுதுகிறேன்.

கரவெட்டியில் பிறந்த அண்ணர், தந்தையாரை இளமையிலேயே இழந்து, திருகோணமலையில் தெரு வேலைகளை மேற்பார்வை செய்து எங்களை வளர்த்தார். இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது பிரித்தானியரின் தொண்டர் பொறியியல் படையிற் சேர்ந்தார். பாலம் அமைப்பதும், பகைவர் வந்தால் அதைத் தகர்க்க வெடி பொருத்தி வைப்பதும் அவர்களின் பணி. முதல் லொறி பாலத்தில் ஏறும்போது, பாலம் உறுதியானதென்று காட்ட, கட்டியவர்கள் அதன் அடியில் நிற்க வேண்டும் என்பது அப்படையின் வழக்கம். அண்ணர் ஒருபோதும் விலகி நின்றதில்லை.

யுத்தம் முடிந்து படை கலைக்கப்பட்டபின், தோழர்களின் பெயர்கள், பாலங்களின் படங்கள், வெடி பொருத்தும் முறைகள் யாவற்றையும் சேர்த்து அதன் வரலாற்றை நான்கு கொப்பிகளில் எழுதி வைத்தார்.

பின்னாளில், எண்பதுகளின் போர்க்காலத்தில், ஊரில் இராணுவம் வீடுவீடாகச் சோதனையிட்டது. அண்ணர் சந்தைக்குப் போயிருந்த வேளை, அக்கொப்பிகளையும் அவரது சேவைப் பத்திரத்தையும் நான் கிணற்றடியில் எரித்தேன்.

“என்னடா செய்துபோட்டாய்?” என்றார் திரும்பி வந்த அண்ணர்.

“வெடிப் படத்தைக் கண்டா உங்களையல்லோ ஏத்திக்கொண்டு போவாங்கள், அண்ணை.”

“அறுபது தாண்டின கிழவன் பாலம் உடைக்கப் போறானெண்டு ஆரடா நம்புவான், விசரா?”

எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு எவரும் வரவேயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணர் கனடாவின் ரொறன்ரோ நகருக்கு வந்து, டோர்செட் பார்க் பகுதியில் தம் மகளுடன் வாழ்ந்தார். அப்படையின் பழைய அதிகாரிகள் இங்கிலாந்தில் அதன் வரலாற்றை நூலாக்குவதை அறிந்து, மகளைக் கொண்டு கடிதம் எழுதுவித்தார். ஆதாரம் கேட்டார்கள். அனுப்ப ஒன்றும் இருக்கவில்லை. பின்னர் நூல் வந்தது. அதிகாரிகளின் விருந்துகளுக்கு ஓர் அத்தியாயம். எங்களவர்களுக்கு ஒரு வரி: உள்ளூர்த் தொழிலாளரும் உதவினர்.

“அப்பா, திருப்பி ஒருக்கா எழுதிப் பாப்பமோ?” என்றாள் மகள்.

“வேண்டாம் பிள்ளை. லொறி ஏறேக்க கரையில நிண்டு படம் எடுத்தவையல்லோ உந்தப் புத்தகத்தை எழுதியிருக்கினம்.”

நூல் வந்தபின்னும் என்னை அவர் ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் ஆறியிருப்பேன்.

இறுதி நாட்களில், வைத்தியசாலையில், தோழர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளும்படி என்னைக் கேட்டார். ஆறு பேரைச் சொன்னார். ஏழாமவரின் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்று அழுதார். அண்ணர் அழ நான் கண்டது அன்று மட்டுமே.

அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அயலவருக்கும், கொட்டும் பனியிலும் வந்து கிரியைகளில் துணைநின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அந்த ஆறு பெயர்களும் அண்ணரின் பெயரும் இம்மலரின் பின்னட்டையில் உள்ளன. இவை ஒன்றாக வேறெங்கும் எழுதப்படவில்லை. தயவுசெய்து இதனைப் பத்திரமாக வைத்திருங்கள்.