டெல்மர் விட்ட மூச்சு

நான் சீட்டாட்டத்தில் திருடிப் பிடிபட்டு, கார்சன் சிட்டி சிறையில் இருபத்தாறு மாதம் கழித்தவன். வெளியே வந்ததும் ரீனோவில் ஒரு சூதாட்ட விடுதி எனக்கு வேலை கொடுத்தது. மற்றவர்கள் திருடுவதைக் கண்டுபிடிக்கும் வேலை. பாம்பின் கால் பாம்பறியும் என்று அவர்கள் நம்பினார்கள்.

ஆட்டக் கூடத்தின் கூரைக்கு மேலே ஒரு பலகைப் பாதை இருந்தது. கூரையில் பதித்த கண்ணாடிகளில் கீழே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் தெரியும். மேலே இருக்கும் எனக்கு அவர்களுடைய மேசை தெரியும். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை பலகையில் குப்புறப் படுத்து, பைனாகுலரில் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே யார் சிகரெட் பிடித்தாலும் புகை எனக்குத்தான் வந்து சேரும். மனிதர்களை அந்த உயரத்திலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது. உச்சந்தலையும் தோளும் கையும்தான் தெரியும். ஒவ்வொருவரையும் வழுக்கையை வைத்தே அடையாளம் வைத்திருந்தேன்.

டெல்மர் ஓக்ஸின் கைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே விடுதியில், கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய 'இருபத்தொன்று' ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுகிற டீலர். மனைவி பிரிந்துபோய் வெகுகாலமாகிவிட்டது. பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் ஒரு ட்ரெய்லர் வீட்டில் தனியாக இருந்தார். மேசையை விட்டு நகரும்போது, கையில் எதையும் மறைக்கவில்லை என்று காட்ட டீலர்கள் கையைத் தட்டி உள்ளங்கையை விரிக்க வேண்டும். மற்றவர்கள் ஈ ஓட்டுவதுபோல் அதைச் செய்வார்கள். டெல்மர் ஒவ்வொரு முறையும் நிதானமாக, இரண்டு கையையும் புரட்டிக் காட்டிவிட்டுத்தான் போவார்.

எழுபத்து நான்காம் வருடம், மலையில் பனி உருகத் தொடங்கிய நேரம். எங்கள் கூடத்தின் மேலாளர் கின்கேனன் என்னைக் கூப்பிட்டார். டெல்மரின் மேசையில் ஓர் அம்மாள் தொடர்ந்து ஜெயிப்பதாகச் சொன்னார். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதக்கணக்கில், அதே மேசையில், அதே நாற்காலியில். டெல்மரின் கையைப் பார், லைல், என்றார்.

பத்தொன்பது நாள் பார்த்தேன். நான் பழைய திருடன்; ஒரு விரல் கால் அங்குலம் பிசகினாலும் எனக்குத் தெரியும். டெல்மரின் விரல் பிசகவே இல்லை. அந்த அம்மாளின் கையிலும் குற்றமில்லை. ஆனால் அவள் எடுத்த முடிவுகள் மட்டும் சரியில்லை. சீட்டு வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் நிற்பாள், ஜெயிப்பாள். நிற்க வேண்டிய இடத்தில் துணிந்து வாங்குவாள், அதிலும் ஜெயிப்பாள். டீலர் தனக்குப் போட்டுக்கொள்ளும் இரண்டு சீட்டில் ஒன்று கவிழ்ந்திருக்கும். மேலே தெரிவது பத்தோ ஆஸோ ஆக இருந்தால், டீலர் மட்டும் கவிழ்ந்த சீட்டின் ஓரத்தைத் தூக்கி எட்டிப்பார்ப்பார். அந்தச் சீட்டு நல்லதா மோசமா என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

இருபதாவது நாள் நான் கீழே இறங்கினேன். ஒரு சூப்புக் கிண்ணத்தோடு எதிர்ப்பக்கப் பாரில் உட்கார்ந்து, டெல்மரின் முகத்தை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். அடர்த்தியான, நரைத்த மீசை. அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. கவிழ்ந்த சீட்டு நல்ல சீட்டாக இருந்தால், எதிரே இருப்பவர்கள் தோற்கப் போகிறார்களே என்று அவருக்கு மனசு இளகும்போல. மூக்கு வழியாக ஒரு சின்னப் பெருமூச்சு வரும். மீசையின் நுனி ஆடும். மோசமான சீட்டாக இருந்தால் ஆடாது. அவ்வளவுதான். அதைக் கூரையிலிருந்து நூறு வருடம் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அடித்தளத்தில் இருந்த ஊழியர் உணவறையில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். உன் மீசை ஆடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் பதறவில்லை.

"தெரியும் லைல்," என்றார். "தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாளின் பெயர் ஓபல் ரைன்ஹார்ட். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் தந்தி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டக்டக் சத்தத்தை வைத்தே, கம்பியின் மறுமுனையில் தட்டுவது யார், அவருக்கு உடம்பு சரியில்லையா, பொண்டாட்டியோடு சண்டையா என்றெல்லாம் சொல்லிவிடுவாளாம். டெல்மரின் மீசையை அவள் படிக்கக் கற்றது அப்படித்தான். இரண்டு மாதம் ஜெயித்தாள். அதுவரை டெல்மருக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் அவரை நிறுத்தி அவளே சொல்லியிருக்கிறாள்.

"தூங்குற மனுஷன் பாக்கெட்ல கை விடுற மாதிரி இருக்குப்பா. மனசு கேக்கல, அதான் சொல்லிட்டேன். நாளைக்கு மீசையை எடுத்துட்டு வா. நான் வேற மேசைக்குப் போயிடறேன்."

மறுநாள் காலையில் டெல்மர் முகத்தில் சோப்பு நுரை தடவி, ரேசரைக் கையில் எடுத்திருக்கிறார். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். கன்னத்தை மழித்தார். மீசையைத் தொடாமல் ரேசரைக் கழுவி வைத்துவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். பங்கு ஏதாவது கொடுத்தாளா என்றும் கேட்டேன். இரண்டு தடவை ருபார்ப் தண்டு வைத்த இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாளாம். வேறொன்றும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் என் கையைத்தான் பாக்கறீங்க. நீயும்தான், மேல படுத்துக்கிட்டு. அந்தம்மா ஒருத்திதான் மூஞ்சியப் பாத்தா. மீசைய எடுத்துட்டா அவ எதுக்கு அங்க வந்து உக்காருவா?"

நான் திருடிய காலத்தில் பணத்துக்காகத் திருடினேன். அதைப் புரிந்துகொள்ள ஒரு குழந்தையால்கூட முடியும். இது வேறு ஏதோ. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். சட்டத்தை மட்டும் குறை சொல்வானேன், எனக்குமே வேறு பெயர் தெரியவில்லை.

"மீசையை எடுத்துடு டெல்மர். நான் எதையும் பாக்கல."

அன்று மாலை என் அறிக்கையில், கைகள் சுத்தம் என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் இல்லை.

மறுநாள் டெல்மர் மீசை இல்லாமல் வந்தார். மேல் உதடு வெயில் படாமல் வெள்ளையாக இருந்ததென்று கீழே எல்லோரும் கேலி செய்தார்களாம். ஓபல் வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நான் மேலே இருந்து அவளுடைய கையை மட்டும் பார்த்தேன். இரண்டு ஆட்டம் ஆடினாள். பிறகு பந்தயச் சில்லு ஒன்றை அன்பளிப்பாக டெல்மர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். வேறு மேசைக்குப் போகவில்லை. வாசலைப் பார்த்துப் போனாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கின்கேனனுக்கு உறுத்தல் வந்துவிட்டது. நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று நினைத்தவர், மூன்று வாரம் கழித்து, எல்லா ஊழியர்களும் கூடியிருக்கும்போது டெல்மரின் சட்டையில் நீண்டகால நேர்மைக்கான வெள்ளிப் பதக்கத்தைக் குத்த ஏற்பாடு செய்தார். முதல்நாளே டெல்மரிடம் அதைச் சொல்லிவிட்டார்.

டெல்மர் அன்று கடைசி ஆட்டத்தை முடித்து, கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் புரட்டிக் காட்டினார். நேராகக் கின்கேனனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். என்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கின்கேனன் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நெவாடாவில் ஒரு டீலர் ஒத்துக்கொண்ட பிறகு மறைத்தால் விடுதியின் உரிமமே போகும். வழக்கு நீதிமன்றம் போயிற்று. டெல்மரின் வக்கீல், சாட்சியம் என்று ஒன்றுமே இல்லை, குற்றவாளி இல்லை என்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். டெல்மர் கேட்கவில்லை. நீதிபதி வயதானவர், அவரே பெரிய மீசை வைத்திருந்தார். மூச்சு விடுவதும் மீசை வைப்பதும் இந்த மாநிலத்தில் குற்றமில்லையே, நீ எதைக் குற்றம் என்கிறாய் என்று கேட்டார்.

"அந்தம்மா சொல்றதுக்கு முன்னால நான் மூச்சுதான் விட்டேங்கய்யா," என்றார் டெல்மர். "சொன்னதுக்கப்புறம் விட்டது மூச்சில்ல. பேச்சு."

ஓபலைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். பச்சைத் தொப்பியோடு வந்தாள். எதிரே இருக்கிற மனுஷனைப் பார்த்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை என்றாள். அவள்மேல் வழக்கு போட வழியில்லை. அரசு வக்கீல் ருபார்ப் பலகாரத்தைப் பற்றி நிறையக் கேட்டார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கடைசியாக டெல்மரிடம், விடுதியில் வேறு யாருக்காவது இது தெரியுமா என்று கேட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே விடப்பட்டிருந்த எனக்கு நன்னடத்தைக் காலம் இன்னும் முடியவில்லை. தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் மறுபடி கார்சன் சிட்டிக்குப் போக வேண்டியதுதான்.

யாருக்கும் தெரியாது என்றார், பைபிள்மேல் சத்தியம் செய்த அதே மனிதர்.

சிறை இல்லை. இரண்டு வருடக் கண்காணிப்பு. வேலை உரிமம் ரத்து. இனி எந்த விடுதியிலும் சீட்டைத் தொடக்கூடாது. நீதிமன்றப் படிக்கட்டில் அவரைப் பிடித்து, உண்மையைச் சொல்லத்தானே வந்தாய், அப்புறம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"என்னோடதச் சொல்லத்தான் வந்தேன்," என்றார். "உன்னோடத நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. கேமராக்கள் வந்து பலகைப் பாதையை மூடும்வரை, இன்னும் ஒன்பது வருடம் அதே கூரையில் படுத்திருந்தேன். டெல்மர் மாவட்ட நிர்வாகத்தில் சேர்ந்து, சாலையில் பனி அகற்றும் வண்டி ஓட்டினார். எழுபத்தொன்பதில் ஒருநாள் ஃபெர்ன்லி பக்கம் போனபோது, சாலையோர உணவகத்தின் ஜன்னல் வழியாக அவரையும் ஓபலையும் பார்த்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மீசை மறுபடி வளர்ந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

எண்பத்தாறில் டெல்மர் இதய நோயில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் கின்கேனனின் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றிருந்தார்; தோட்டத்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டெல்மர் சொல்வதற்கு மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும், தெரிந்துதான் அறிக்கை எழுதினேன் என்றேன்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு எதுக்கு வந்து சொல்ற?"

"கோர்ட்டுல அவன் பொய் சொன்னது எனக்காக. செத்த பிறகும் அது அவன் பேர்ல இருக்க வேணாம்."

அவர் குழாயை மூடினார். என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. உள்ளே போய் இரண்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, ஈரப் புல்லின்மேல் போட்டார்.