என் ஏரியலை வெட்டிய வெள்ளிக்கிழமை

எண்பது மீட்டர் செம்புக் கம்பி. ஒரு முனை புக்கிட் ரோத்தானில் என் வீட்டுக் கொல்லையில் நட்ட இரும்புக் குழாயில். மறுமுனை பின்னாலுள்ள எஸ்டேட்டுக்குள், எண்ணெய்ச் செம்பனை மட்டைகளுக்கு மேலே. அந்த ஏரியலில்தான் என் ரேடியோ உலகத்தோடு பேசியது.

நில அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். கம்பி கட்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை நானே எழுதி, எஸ்டேட்டின் பழைய மானேஜரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருந்தேன். கம்பியை அகற்றுவதானால் ஏழு நாளுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது நான்காவது பத்தி.

ஈக்வடோரில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர். இங்கே பொழுது சாயும்போது அங்கே விடியும். அந்த அரைமணி நேரம் மட்டும் ரேடியோ அலைக்கு அவ்வளவு தூரம் வழி திறக்கும், கம்பி நீளமாக இருந்தால். ஒன்பது வருடமாக வெள்ளிதோறும் மோர்ஸில் பேசினோம். அவர் அடுக்குமாடிக்குக் குடிபோகிறார், அங்கே ஏரியல் கட்ட விடமாட்டார்கள். அந்த வெள்ளிதான் கடைசி. ஈமெயில் அனுப்பலாமே என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நாலு மணிக்குக் கொல்லைக்குப் போனால், இருபது மீட்டர்தான் தொங்குகிறது. மீதியை எஸ்டேட் ஆட்கள் நறுக்கி லோரியில் ஏற்றிவிட்டார்கள். கடிதத்தோடு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

"மருந்தடிக்க ட்ரோன் வருது அங்கிள். கம்பியில மாட்டிக்கும்லா" என்றார் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி.

"நோட்டீஸ் எங்கே?"

"வாட்சப் குரூப்புல போட்டாச்சே! எல்லாரும் தம்ஸ்அப் போட்டாங்க."

"அந்தக் குரூப்புல நான் இருக்கேனா?"

"நீங்க ஸ்டாஃப் இல்லையே அங்கிள்."

"அப்போ எனக்கு யாருய்யா சொன்னது?"

அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது பழைய மானேஜர் சைன். அவர் ராசா ஊர்ப் பக்கம் வேற எஸ்டேட்டுக்கு மாறிப் போயிட்டாரு. அவர்கிட்டதான் கேக்கணும்."

கையெழுத்து ஆளோடு போகாது, பதவியோடு நிற்கும். அரசாங்க வேலையின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். அதை உரக்கவே சொன்னேன். அவர் தேநீரை உறிஞ்சினார்.

தொங்கிய துண்டை வேலியோடு இழுத்துக் கட்டி ரேடியோவில் மாட்டினேன். ஏழு மணிக்குப் பல் மருத்துவர் அலைவரிசைக்கு வந்தார். இரைச்சலுக்கு அடியில், மெலிதாக, என் அழைப்புக்குறியைத் தட்டினார். பதில் தட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி அழைத்தார். விரல் வலிக்கத் தட்டினேன். அவர் கம்பி முழுசாக இருந்தது, இங்கே வந்து சேர்ந்தது; என் இருபது மீட்டர் கம்பி எங்கே கடலைத் தாண்டும்?

இங்கே வெளிச்சம் போகும்வரை அழைத்துப் பார்த்துவிட்டு, நிதானமாக ஒரே வரி அனுப்பினார்: இன்று வானம் சரியில்லை போலிருக்கிறது, நன்றி நண்பரே.

வானம் நன்றாகத்தான் இருந்தது.