அப்ப மாவுக்குப் போன பியர்

இன்று காலை நிலவறைக்கு இறங்கினால், என் பியர் வாளியின் மூடி சரிந்து கிடக்கிறது.

நாலு நாளுக்கு முன் காய்ச்சி ஊற்றிவைத்த ஜேர்மன் பாணி லாகர் பியர். பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் வரவேண்டும். இரண்டு மாதம் குளிரில் யாரும் தொடாமல் கிடக்கவேண்டும் என்று சொல்லித்தான், நான் வேலை செய்யும் பாரிஸ் உணவகத்தின், ஜேர்மன் எல்லையோர அல்சாஸ் பகுதிச் சமையற்காரர் ஈஸ்ட் தந்தார்.

அறைத்தோழர் யோகண்ணையிடம் கேட்டேன்.

“ஓம், நான்தான். அப்ப மாவைப் புளிக்கவைக்க இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? மேலை நுரைச்சுக்கொண்டு நிண்டுது. ரெண்டு அகப்பை அள்ளினனான்.”

“அப்பம் எப்பிடி வந்தது?”

“தோசை மாதிரித் தட்டையாக் கிடக்கு.”

மத்தியானம் சமையற்காரரிடம் பயந்து பயந்து சொன்னேன். பியர் கெட்டுவிட்டதா என்றுதான் கேட்டேன். அவரோ அப்பம் என்றால் என்ன என்று விசாரித்தார். பிறகு, “நுரையை எடுத்துப் பயனில்லை. இந்த ஈஸ்ட் அடியில் படிந்துதான் கிடக்கும்” என்றார்.

அதை யோகண்ணையிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாது. உடனே அரிசி ஊறப்போட்டுவிட்டார்.

அடியிலிருந்து அள்ளினால் அப்பம் பொங்குமா என்று இப்போது எனக்கும் அறிய ஆசை.

வாளிக்குப் பூட்டு வாங்கத்தான் வெளியே போனேன். தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவிலிருந்து அப்பத்துக்குத் தேங்காயோடு திரும்பியிருக்கிறேன்.

நீங்கள் என்றால் எதை வாங்கியிருப்பீர்கள்?