சொல்லாமல் மாற்றிய பிரேக் கட்டை

போன வருடம் கோடைத் தொடக்கத்தில் நடந்தது இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சக்கர நாற்காலி தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியின் சோதனைப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். அப்போது புதிதாக ஒரு மடக்கு நாற்காலியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். பாரம் ஏற்றி, சரிவில் நிறுத்தி, மாதக்கணக்கில் சோதித்தவள் நான்தான். பிரேக் போட்டால் நாற்காலி அசையவே அசையாது. அந்தத் தைரியத்தில்தான், நடக்க முடியாத ஒரு அக்காவைக் காட்டுப்பாக்கத்திலிருந்து வரவழைத்தேன். தையல் கடை வைத்திருப்பவர். பயன்படுத்துகிறவரே உட்கார்ந்து பார்த்துக் குறை சொன்னால்தானே சரியாக இருக்கும்?

சரக்கு ஏற்றும் இடத்துக்கு இறங்கும் சிமெண்ட் சரிவு ஒன்று எங்களிடம் உண்டு. அக்கா பாதிச் சரிவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். நாற்காலி நிற்கவில்லை. வேகமெடுத்து இறங்கியது. கீழே ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் குறுக்கே பாய்ந்தேன். நாற்காலி என் காலில் மோதிச் சாய, இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். யாரோ கத்தியதைக் கேட்டு டிரைவர் லாரியை நிறுத்தியபோது, பின்சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அக்காவின் முழங்கையில் ரத்தம். அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு பிரேக்கைப் பார்த்தேன். டயரை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் கட்டை இருந்த இடத்தில், வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் கட்டை!

"யாரு இதை மாத்தினது?" என்று கத்தினேன்.

பிரேக் பொருத்துகிறவர் விழித்தார். "இன்னா மேடம், உங்களுக்குச் சொல்லலியா? ரப்பரு சாம்பல் டயர்ல கறுப்பா கறை உடுதுன்னு, வாங்கப்போற ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னாங்களாம். நேத்து சார்தான் மாத்தச் சொன்னாரு."

சார் என்றால் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். வந்தார். அக்காவின் முழங்கையைக்கூடப் பார்க்கவில்லை. "சின்ன சேஞ்ச்மா. இதையெல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருந்தா பொருள் எப்ப வெளிய போகும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க பிரேக்கை முழுசா போட்டிருக்க மாட்டாங்க. ரிப்போர்ட்ல அப்படி எழுதிடும்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சார், எனக்குக் காலுதான் வராது. கை நல்லாத்தான் கீது. முழுசாத்தான் போட்டேன். வேணும்னா நீங்க உக்காந்து போட்டுக் காட்டுங்க."

அவர் சிரித்து மழுப்பினார். "உக்காருங்க சார்" என்றேன் நானும். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் உட்காரவில்லை. போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவர் சொன்னபடி நான் எழுதவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, வீங்கிய காலோடு நேரே முதலாளியிடம் போனேன். அவர் இறங்கி வந்து, நாற்காலியில் மூட்டையை வைத்து, பிரேக் போட்டுச் சரிவில் விடச் சொன்னார். அது பாட்டுக்கு ஓடியது. அன்றே அந்தக் கட்டைகளைக் கழற்றினோம். இனி ஒரு திருகாணியை மாற்றினாலும், சோதித்த பிறகுதான் ஆளை உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கறை படியாத வேறு ரப்பரும் கிடைத்தது. விற்பனை கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை அவசரம்?

மறுபடி வந்து பார்க்கச் சொல்லி அக்காவுக்குப் போன் செய்தேன். "உம்மேல கோவமில்ல கண்ணு. ஆனா அதுல நான் உக்கார மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சார் இன்றும் அதே அறையில்தான் இருக்கிறார். அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டால் நானும் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் எதையாவது மாற்றிவிடுவேனோ என்ற பயத்தில், அதை ஆறவிடாமலே வைத்திருக்கிறேன்.