மேளத்தின் வேகத்துக்கு ஒரு பின்னச்சு

தன் கலியாண மண்டபத்துக்குத் தான் கட்டிய காரில்தான் போய் இறங்குவேன் என்று அண்ணை சொன்ன நேரத்தில், அந்தக் காருக்குச் சில்லுகளே இல்லை. ஜெர்மனியில், பீலெஃபெல்டு நகருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டிலில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், மரக்கட்டைகளின் மேல் அது குந்தியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த ஜெர்மன் கார். வட்ட முதுகு, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போன்ற முன்விளக்குகள். காசு வேண்டாம், கொட்டிலைக் காலி செய்து தந்தால் போதும் என்று விவசாயி சொன்னார். அண்ணைக்கு அது சீதனம் கிடைத்த மாதிரி.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவின் படிப்பு வயலோடு நின்றது. அண்ணையின் படிப்பு இடப்பெயர்வுகளோடு நின்றது. ஜெர்மனிக்கு வந்ததும் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் மட்டும் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எண்கள் வருகிற எதுவும் என்னிடம்தான் வரும். சூடேற்றிக்கான பில், அம்மாவின் மருந்துக் குளிசைக் கணக்கு, கடைசியில் அண்ணையின் காரும்.

ஒரு பழைய உடம்புக்குள் அதைவிடப் பலமான எஞ்சினை வைத்து, வீதியில் ஓட அனுமதியும் வாங்கிய காரை அமெரிக்கர்கள் ஸ்ட்ரீட் ராட் என்கிறார்கள். அவர்கள் எழுதும் இணைய ஃபோரங்களைப் படித்துப் படித்து நான் அண்ணைக்குத் தமிழில் சொல்வேன். எண்பதுகளில் வந்த, முன்பக்கம் நசுங்கிய ஒரு காரிலிருந்து எஞ்சினையும் அதன் நாலு கியர்ப் பெட்டியையும் எடுத்து, வாடகைக் கராஜில் வைத்து அந்தப் பழைய உடம்புக்குள் பூட்டினோம். பின்சில்லுகளைச் சுழற்றும் பின்னச்சு மட்டும் பழையதே இருந்தது.

முதல் தரம் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியபோது, நூறைத் தொட முன்னமே எஞ்சின் ஓலமிடத் தொடங்கியது. பழைய அச்சு "கட்டை". அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு நாலு சுற்றுக்கும் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும். இழுவை அபாரம், வேகத்தில் இரைச்சல்.

"கேளடா, என்னமாப் பாடுது!" என்றார் அண்ணை.

நான் இருக்கையில் கீழே சரிந்துகொண்டேன். பக்கத்துத் தடத்தில் வயதான ஜெர்மன் தம்பதி எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் தெருவுக்குள் வந்தபோது எதிர்வீட்டு அம்மா சன்னல் சீலையை விலக்கினார். எங்களைத் திரும்பிப் பார்க்க அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே போதுமான காரணங்கள் இருந்தன. கறி மணம், வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் சாம்பிராணி, வாசலில் குவியும் சப்பாத்துகள். இதுவும் சேர வேண்டுமா என்று இருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. கட்டை அச்சை அப்படியே விட்டு ஐந்து கியர்ப் பெட்டி ஒன்றைப் போடலாம். ஐந்தாவது கியர் ஆட்டோபானில் எஞ்சினை ஆறுதலாக ஓடவிடும். ஆனால் காரின் அடித்தளத்தை வெட்ட வேண்டும், தண்டைக் குறுக்க வேண்டும், வாகனப் பரிசோதகரிடம், ஏற்கெனவே குறித்த நாள் போக, இன்னொரு டெர்மின் எடுக்க வேண்டும். மற்ற வழி, பெட்டியைத் தொடாமல் "நெட்டை" அச்சொன்றைப் பூட்டுவது. சில்லு ஒரு சுற்று, தண்டு மூன்றே சுற்று. எல்லாக் கியரிலும் எஞ்சின் மெதுவாகும், சத்தமும் அடங்கும்.

நான் நெட்டையைச் சொன்னேன். செலவு குறைவு, கலியாணத்துக்கு முன் முடிந்துவிடும் என்றேன். இரண்டும் உண்மைதான். ஆனால் ஐந்தாவது கியர் ஆட்டோபானில் மட்டும்தான் அமைதி தரும், எங்கள் தெருவில் கார் முதல் கியரில் ஓலமிடத்தான் செய்யும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

"நீ சொன்னாச் சரி," என்றார் அண்ணை. அவ்வளவுதான் விவாதம்.

பழைய கார்களை உடைத்து விற்கும் காணியில் அச்சுகள் விறகு போல அடுக்கிக் கிடந்தன. எண் தகடுகள் துருவில் மறைந்துவிட்டன. எது கட்டை, எது நெட்டை என்று அறிய ஒரே வழி, தண்டு பூட்டும் இடத்தில் ஒரு அடையாளம் இட்டு, ஒரு பக்கச் சில்லை அசையாமல் பிடித்து, மறு பக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளம் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுவது. அடையாளமிட எங்களிடம் ஒன்றும் இல்லை. காணிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை காற்சட்டைப் பின்பைக்குள் கைவிட்டுப் பணப்பையை எடுத்தார். கோயிலில் மடித்துத் தந்த திருநீற்றுப் பொட்டலத்தை விரித்தார். விரலை நாக்கில் தொட்டு, திருநீற்றில் தோய்த்து, இரும்பில் இழுத்தார். பழக்கதோஷத்தில் மூன்று கோடு விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டை அழித்தார்.

"அது என்ன?" என்று காணிக்காரர் ஜெர்மனில் கேட்டார்.

"பள்ளிக்கூட வெண்கட்டி," என்று நான் அவருடைய மொழியில் சட்டென்று சொன்னேன். முகம் சுட்டது. அண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பிடியடா," என்று மட்டும் சொல்லிச் சில்லைச் சுற்றத் தொடங்கினார்.

மூன்று சுற்று. நெட்டை அச்சு கிடைத்தது. கழற்றிக் கொண்டுபோன எங்கள் கட்டையை அவரிடமே விட்டுவிட்டு வந்து, நெட்டையைப் பூட்டினோம். பரிசோதகர் அடியில் படுத்துப் பார்த்து, வேகமானியைத் திருத்தச் சொல்லி, பிறகு முத்திரை குத்தினார். ஆட்டோபானில் கார் பூனை போல ஓடியது. "படிச்சவன் படிச்சவன்தான்," என்று அண்ணை என் முதுகில் தட்டினார். ஆனால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலிருந்தும் புறப்படும்போது அவர் மிதித்துவிட்டுக் காத்திருப்பதைக் கவனித்தேன். "கொஞ்சம் சோம்பல். பரவாயில்லை," என்றார்.

கலியாணத்தன்று நான்தான் சாரதி. பின்னிருக்கையில் தலைப்பாகையோடு அண்ணை, பக்கத்தில் தோழனாகப் பெண்ணின் தம்பி, முன்னால் என்னோடு அப்பா. மண்டபம் தொழிற்பேட்டைக்குள் இருந்தது. பேட்டையின் நுழைவாயிலில் நாதஸ்வரமும் தவிலும் காத்து நின்றன. அங்கிருந்து மண்டப வாசல்வரை ஊர்வலம். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. எத்தனை கலியாணங்களில் மேளத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறேன்! ஆனால் நூறு கிலோமீற்றருக்கும் நூற்றிருபதுக்கும் கணக்குப் போட்ட நான், மேளத்தின் வேகத்துக்குக் கணக்குப் போடவில்லை.

நெட்டை அச்சில், முதல் கியரில், கால் வைக்காமல் விட்டாலே கார் மனிதன் ஓடுகிற வேகத்தில் போகும். நாதஸ்வரக்காரர் எறும்பு போல நடந்தார். மூலைக்கு மூலை நின்று வாசித்தார். நான் கிளட்சை அரைவாசி மிதித்தபடி காரைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினேன். கட்டையாக இருந்தாலும் கிளட்சுக்குக் கஷ்டம்தான், ஆனால் தாங்கியிருக்கும். பாதி வழியில் கருகல் மணம் எழுந்தது. பிறகு புகை.

"என்ன, ஹோமத்தை ரோட்டிலேயே தொடங்கிட்டினமோ?" என்று ஒரு மாமி கேட்டது கண்ணாடி ஊடாகவே காதில் விழுந்தது. பின்னால் சிரிப்பு.

கிளட்ச் முற்றாக வழுக்கியது. எஞ்சின் இரைந்தது, கார் அசையவில்லை. மேளம் கொஞ்சத்தூரம் போய், தனியே நிற்பதை உணர்ந்து திரும்பியது.

"நான் இறங்கி நடக்கிறன்," என்றார் அண்ணை.

"ஏலாது! வாசலிலை தோழன் கால் கழுவ முதல் மாப்பிள்ளை நிலத்திலை கால் வைக்கிறதே? இருங்கோ தம்பி." பெண்ணின் பெரியப்பா சால்வையை இடுப்பில் இறுக்கினார். "டேய் பெடியள், வாங்கோடா. முகூர்த்தம் போகுது. தள்ளுங்கோ!"

பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. எட்டோ பத்தோ பேர் அந்த வட்ட முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை செய்த ஜெர்மன்காரர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று நான் தேர்ந்தெடுத்த அச்சு, முழுத் தொழிற்பேட்டையையும் திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பெரியப்பா என் சன்னலோரம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "ஆர் உந்தக் காரைச் செய்தது?"

அண்ணை வாயைத் திறக்க முன், அப்பா கழுத்தை நீட்டினார். "மூத்தவர்தான் பூட்டினவர். ஆனாக் கணக்கெல்லாம் இவன்தான். என்ரை சின்னவன். இஞ்சினியருக்குப் படிக்கிறான்!"

"ஓ," என்றார் பெரியப்பா, தள்ளியபடியே. "நல்ல கணக்கு."

அப்பாவின் முகத்தில் பெருமை குறையவில்லை. அந்தக் கிண்டல் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியில் அண்ணையைப் பார்த்தேன். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி நேரத்துக்குக் கட்டப்பட்டது. சாப்பாட்டுப் பந்தியில் நான் கடைசி வரை பரிமாறிக்கொண்டே நின்றேன். உட்கார்ந்தால் யாராவது காரைப் பற்றிக் கேட்பார்கள்.

கிளட்ச் மாற்றிய பிறகு, "திரும்பக் கட்டையையே போடுவம். அஞ்சு கியர்ப் பெட்டியும் தேடுவம்," என்றார் அண்ணை. குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அதே காணிக்குப் போனோம். நாங்கள் விட்டுவந்த அச்சு மற்றவற்றோடு கலந்து கிடந்தது. மறுபடி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணையின் கை பின்பைக்குப் போனது. நான் முந்திக்கொண்டு சட்டைப்பையிலிருந்து வெண்கட்டியை எடுத்தேன்.

"ஓ, கொண்டந்திட்டியோ. நல்லது." பணப்பை உள்ளே போனது. சில்லைப் பிடிக்கக் குனிந்தவர், காணிக்காரர் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு நீ அவனுக்கு வெண்கட்டி எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. பாண் சுடுறவனுக்கும் அவ்வளவு டொய்ச் பாஷை விளங்குமடா."

நான் இரும்பில் கோடு இழுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் வெண்கட்டி வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். உடைந்தது. கோடு விழவில்லை.

காணிக்காரர் கிட்ட வந்தார். "அன்றைக்குக் கொண்டுவந்தது நல்லா ஒட்டியதே," என்றார்.

"அண்ணை," என்றேன், "அதைத் தாங்கோ."

அவர் பொட்டலத்தைத் தந்தார். "நீயே பூசு."

விரலை நாக்கில் தொட்டு, தோய்த்து, ஒரே கோடாக இழுத்தேன். பிடித்துக்கொண்டது. காணிக்காரர் பக்கத்திலேயே நின்றார். இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியான பதிலைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. அண்ணை சில்லைச் சுற்றினார், நான் குனிந்து எண்ணினேன்.