அம்மாவின் புருவம்

"புருவத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க, ஜொனெல். அந்த அம்மா ரொம்பக் கோவமாத் தெரியறாங்க."

இயக்குநர் கிரஹாம் இதைச் சொன்னது நான்காவது முறை. ஜொனெல் பெட்வே தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு திரையிலிருந்த அந்தக் கார்ட்டூன் தாயின் புருவத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இப்போது அந்த முகம் சிரித்தது. பற்பசை விளம்பரத்துக்கு நிற்பவள் மாதிரி இருந்தாள்.

ஜொனெலுக்கு முப்பத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது இங்கிள்வுட். அம்மா வெர்டெல் நகரப் பேருந்து ஓட்டுபவள். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்து வண்டியோடு கூட்டிக்கொண்டே சுற்றினாள். கால அட்டவணைப் புத்தகத்தின் ஓரங்களில் ஜொனெல் பயணிகளை வரைவாள். ஒரு நாள் கைத்தடி ஊன்றிய கிழவி ஒருத்தி படியேறுவதைப் பக்கத்துக்கு ஒன்றாக முப்பது பக்கம் வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டினாள். கிழவி ஏறினாள்! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவேயில்லை.

கலைக் கல்லூரி முடித்து, பகலில் செருப்புக்கடையில் நின்றபடி கார்ட்டூன் ஸ்டுடியோக்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒவ்வொரு ஸ்டுடியோவும் ஒரு தேர்வு வைக்கும். கதையில் இரண்டு பக்கம் கொடுத்து, 'ஒரு வாரத்தில் காட்சி காட்சியாக வரைந்து அனுப்பு' என்பார்கள். பதினொரு தேர்வு எழுதினாள். ஒன்பதுக்குப் பதிலே வரவில்லை. மற்ற இரண்டும் "உங்கள் பாணி எங்களுக்கு ஒத்துவராது" என்றன. பாணியை மாற்றிப் பார்த்தாள், தலைமுடியை மாற்றிப் பார்த்தாள், இமெயிலில் பெயரைச் சுருக்கிக்கூடப் பார்த்தாள். பன்னிரண்டாவதில்தான் பர்பாங் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் வேலை கிடைத்தது. அடுத்தவர் வரைந்ததில் திருத்தம் போடும் வேலை.

அந்தத் தளத்தில் நாற்பது பேர். வரைபவர்களில் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். இன்னொருத்தி வரவேற்பில் இருந்த நாடீன். நாடீன் குள்ளம், ஜொனெல் நெடுநெடுவென்று இருப்பாள். ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது இவளை நாடீன் என்று கூப்பிடுவார்கள்.

"நீயாவது பரவால்ல," என்பாள் நாடீன். "நேத்து ஒருத்தர் வந்து, நான் வரைஞ்ச படம் ரொம்ப நல்லா இருக்குன்னு பாராட்டிட்டுப் போறாரு. நானும் நன்றின்னுட்டேன்."

அவர்கள் செய்துகொண்டிருந்த தொடர், ஒரு கறுப்பினச் சிறுமியையும் அவள் தாயையும் பற்றியது. அதில் ஒரு காட்சியை வரைய வேண்டியவர் விடுப்பில் போனதால் ஜொனெலிடம் வந்தது. பத்து வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரமாகக் காணாமல் போய், திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது. தாய் திறந்து "எங்கடி போன?" என்கிறாள். ஜொனெலுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாய் திட்டுகிறது, கை மட்டும் பிள்ளையின் முழங்கை, கழுத்து, காது என்று காயம் தேடிக்கொண்டே போகிறது. புருவம் இரண்டும் முடிச்சாக ஏறி நிற்கின்றன. ஒரே மூச்சில் வரைந்தாள். அந்தப் புருவத்தைத்தான் நான்கு முறை இறக்கச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோதும் டேப்லெட் கையில்தான். அம்மா பொரித்த மீனைத் தட்டில் வைத்துவிட்டுத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இவ?"

"சீரியல்ல வர்ற அம்மா. பொண்ணு காணாமப் போயித் திரும்பி வருது."

"பிள்ளை காணாமப் போயிருக்கு, இவ எதுக்கு லாட்டரி விழுந்த மாதிரி இளிக்கறா?"

"முதல்ல வரைஞ்சது கோவமாத் தெரியுதாம், அம்மா. மாத்தச் சொன்னாங்க."

"முதல்ல வரைஞ்சதக் காட்டு."

காட்டினாள். வெர்டெல் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "என்னைய வரைஞ்சிருக்க."

"ஆமா."

"இதப் பார்த்தா கோவம்னு சொன்னாங்க? சின்னப் பிள்ளையில நீ தப்பான பஸ் ஏறி லாங் பீச் வரைக்கும் போன அன்னைக்கு நான் கோவமாவா இருந்தேன்? என் உசுரே என்கிட்ட இல்லடி. மீன் ஆறுது, சாப்பிடு."

ஜொனெல் சாப்பிடவில்லை. வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள்.

திங்கட்கிழமை காலை, பழைய படத்தையே திரும்ப வைத்து கிரஹாமிடம் கொடுத்தாள்.

"ஜொனெல், இதப் பேசி முடிச்சாச்சே. பார்க்கற குழந்தைங்க மிரண்டுடும்."

"அந்த அம்மாவே மிரண்டுதான் போயிருக்காங்க. அது கோவமில்ல, பயம். உங்களுக்குக் கோவமாத் தெரிஞ்சா நான் என்ன செய்யறது?"

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கிரஹாமின் முகம் சிவந்தது. திட்டவில்லை, அவர் திட்டுகிற ஆளில்லை. அன்று மாலையே அவளைப் பொருள்கள் வரையும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். கதவுக் குமிழ், மேசை விளக்கு, தண்ணீர்க் குழாய். ஆறு வாரம் அவள் வரைந்ததெல்லாம் அதுதான். கை நின்றாலும் கால் நிற்காது. நான்கு மாடி இறங்கிக் கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிவிட்டு மறுபடி ஏறுவாள். 'வேலையை விட்டுவிடலாம்' என்று ஏறும்போது தோன்றும். 'விட்டால் பதின்மூன்றாவது தேர்வு' என்று இறங்கும்போது தோன்றும்.

ஏழாவது வாரம், அந்தத் தாய்க்குக் குரல் கொடுத்த கிளாடெட் ரஃபின் சில வரிகளைத் திரும்பப் பேச வந்தார். முப்பது வருடம் மேடையில் நடித்தவர். திரையில் சிரிக்கும் முகத்தைப் பார்த்ததும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டார்.

"கிரஹாம், இது நான் பேசினது இல்லையே. நான் சிரிச்சுக்கிட்டா பேசினேன்?"

படத்தொகுப்பாளர் தயங்கித் தயங்கிப் பழைய படத்தை எடுத்துக் குரலோடு சேர்த்து ஓட்டினார். "வரைஞ்சவங்களக் கூப்பிடுங்க," என்றார் கிளாடெட்.

காதில் பென்சில் செருகியபடி ஜொனெல் வந்து நின்றாள்.

"உங்க அம்மாவாம்மா இது?"

"ஆமாங்க."

"திட்டிக்கிட்டே தடவிப் பார்க்கிறா பாரு. எங்கம்மாவும் இப்படித்தான்."

கிரஹாம் அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் குரலக் கேக்காம முகத்த மட்டும் பார்த்திருக்கேன். பழசையே வைங்க," என்றார்.

ஒளிபரப்பான அன்று பிற்பகல், பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் பதினைந்து ஓட்டுநர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு வெர்டெல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாள். கதவு திறந்தது, புருவம் ஏறியது. "ஏய் வெர்டெல், இது நீதானே! போன வாரம் டயர் வெடிச்சப்ப என்னைய இப்படித்தான் பார்த்த!" என்று அறையே கூத்தாகிவிட்டது. கடைசியில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லாரையும் அதட்டி வாயை மூட வைத்தாள். பெயர்கள் ஓடின, முடிந்தன.

உடனே போன் வந்தது. "உன் பேரு எங்கடி?"

ஜொனெலுக்கும் தெரியவில்லை. விசாரித்தபோது, அவளைப் பொருள்கள் பக்கம் மாற்றியபோதே அந்த எபிசோடின் பெயர்ப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள், திரும்பச் சேர்க்க யாருக்கும் நினைவில்லை என்றார்கள். கிரஹாம் உண்மையாகவே வருந்தினார். "அடுத்த வருஷத் தொடர்ல முதல்ல உங்க பேருதான்," என்றார். அடுத்த வருடம் தொடரே இல்லை. வசந்தத்தில் நாற்பது பேரும் வேலை போய், அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாடீனும்தான்.

ஐந்து மாதம் கழித்து, வேறொரு ஸ்டுடியோவிலிருந்து கிரஹாம் கூப்பிட்டார். அதே திருத்தும் வேலை.

"திருத்தறதுக்கு வரமாட்டேன்," என்றாள் ஜொனெல். "காட்சிய வரையறவளா வர்றேன். என்னை எங்க மாத்தினாலும் படத்துல என் பேரு இருக்கும்னு எழுதிக் கொடுக்கணும்."

"கேட்டுச் சொல்றேன்."

பதினெட்டு நாள் பதில் இல்லை. அந்தப் பதினெட்டு நாளில் அவள் சமையலறைக்கு வண்ணம் அடித்தாள், பிடிக்காமல் அதன் மேலேயே வேறு வண்ணம் அடித்தாள். "அவசரப்பட்டுட்டேனாம்மா?" என்று தினமும் கேட்டாள். "ஆமா" என்று ஒரு நாளும் "இல்லை" என்று மறுநாளும் சொன்னாள் வெர்டெல். பத்தொன்பதாம் நாள் காகிதம் வந்தது. அவள் கேட்ட இரண்டும் அதில் இருந்தன.

இப்போது அங்கேதான் வேலை. சனிக்கிழமைகளில் நாடீனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு படம் செய்கிறாள், நான்கு நிமிடப் படம். அக்கா தங்கை இருவர் பெரிய அலமாரி ஒன்றை மாடிக்கு ஏற்றுகிறார்கள். நாடீன் எழுத, இவள் வரைய, ஒன்றரை வருடமாகப் போகிறது. அலமாரி இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அலமாரிக் கதவைக் கழற்றலாம் என்கிறாள் நாடீன். கழற்றக் கூடாது, சாய்க்கலாம் என்கிறாள் ஜொனெல், அறைக்குள் நடந்துகொண்டே.