பெண்கள் பக்கம் போன அம்பு

மவுஸின் அம்புக்குறி ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும்போது றிஸ்கானும் அந்தப் பக்கம் சாய்வான். பக்கத்தில் நிற்பவர், ஆள் நாற்காலியோடு விழப்போகிறான் என்று பிடிக்க வருவார். "உடுங்க காக்கா, அது கரை சேரட்டும்," என்பான்.

நிந்தவூர் தொடங்கி மருதமுனை வரை கல்யாண மண்டபங்களில் திரை கட்டுவது அவன் தொழில். ஆண்கள் பக்கம் ஒன்று, தடுப்புக்கு அப்பால் பெண்கள் பக்கம் ஒன்று, இரண்டையும் ஓட்ட அவனுடைய கணினி. ஆட்கள் வந்து நிறைந்தபின் பெண்கள் பக்கத் திரையில் என்ன தெரிகிறது என்று அவன் ஒருநாளும் கண்டதில்லை. எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்: "வயரக் கழட்டிக் கொழுவினாச் சரி."

கல்முனையில் கமீலாவின் மகளுக்கு நிக்காஹ் நடந்த அன்று அந்த வைத்தியத்துக்கு வழியில்லாமல் போயிற்று. பெண்கள் பக்கம் படம் மங்குகிறது என்று சொல்லியனுப்பினார்கள். றிஸ்கான் ஒரு விசையைத் தட்டினான். படம் தெளிந்தது. கூடவே, பெருமைக்காக அவன் தமிழுக்கு மாற்றி வைத்திருந்த மென்பொருள் அந்தத் திரையில் ஒரு கேள்விப் பெட்டியைத் திறந்து, பதில் வராமல் அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. அம்பும் அந்தத் திரையை விட்டு இந்தப் பக்கம் வர மறுத்தது. வயரைக் கழற்றினால் கட்டாரில் இருந்து பார்க்கும் பெண்ணின் அண்ணனுக்கும் படம் அறுந்துபோகும்.

தொலைபேசி அடித்தது. தடுப்புக்கு அப்பாலிருந்து பெண்ணின் சின்னம்மா, சுபைறா சாச்சி.

"தம்பி, மாப்புள்ளட மொகத்துக்கு மேல என்னமோ எழுதியிரிக்கி."

"வாசிங்க ராத்தா."

"'இதையே வைத்திருக்கவா? முன்பிருந்ததற்குத் திரும்பவா?'" அவள் குரலைத் தாழ்த்தினாள். "முன்னம் புள்ளைக்கி அட்டாளைச்சேனையில ஒரு கலியாணப் பேச்சு வந்ததுதான். அத உங்களுக்கு ஆரு சொன்ன?"

அவளுக்குப் பின்னால் சலசலப்பு கேட்டது. கமீலா அழத் தொடங்கியிருந்தாள். இந்தப் பக்கம் மௌலவி குத்பாப் பிரசங்கத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

"அது படத்தக் கேக்கிற ராத்தா, ஆளையில்ல. அம்பு எங்க நிக்கிது?"

"மாப்புள்ளட மூக்கில."

றிஸ்கான் பார்க்காமலே மவுஸை நகர்த்தினான். "இப்ப?"

"காதுக்கு வந்துட்டாய். கீழ இறங்கு. அங்கால போகாத, அது 'திரும்பவா'. இஞ்சால வா. ஆ, நில்லு. 'வைத்திருக்கவா'க்கு மேல நிக்கிறாய்."

"அமத்தட்டா?"

"பொறு, புள்ளட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாறன்."

பெண்கள் கூடிப் பேசினார்கள். விரலைத் தூக்கியபடி றிஸ்கான் காத்திருந்தான். இந்தப் பக்கம் நிக்காஹ் சொல்ல மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாயிற்று.

"அவ சரியெண்டுட்டா. அமத்து மகன்."

அழுத்தினான். தடுப்புக்கு அப்பாலிருந்து நாற்பது, ஐம்பது பெண்குரல்கள் ஒன்றாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றன. ஆண்கள் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. மாப்பிள்ளை ஒருதரம் நிமிர்ந்து தடுப்பைப் பார்த்துவிட்டு, 'கபூல்' என்று ஏற்றுக்கொண்டார்.

மௌலவி துஆ ஓதினார். எல்லோரும் இரு கைகளையும் ஏந்தினார்கள். றிஸ்கான் வலக்கையை மட்டும் ஏந்தினான். இடக்கை, அம்பு இனி அசையாதபடி கவிழ்த்து வைத்த மவுஸை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது.